பாத்திமா மேரியின் வண்டி கரை ஏறிய கதை

பாத்திமா மேரி கார் ஓட்டும் உரிமம் எடுத்தபோது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. கணவர் ஜேசுராஜ் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. சோதனை ஓட்டத்துக்கு வந்த அதிகாரி விண்ணப்பத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இனிமே எதுக்கும்மா உங்களுக்கு லைசென்ஸ்? பிள்ளைய ஸ்கூல்ல விடவா?" என்று கேட்டார்.

"இல்ல சார். போர்வெல் மோட்டார் ஏத்திட்டுப் போகணும்."

அவர் வண்டியைப் பின்னால் எடுத்துக் காட்டச் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பாபநாசத்துக்கு வடக்கே காவிரிக்கரையை ஒட்டிய ஓர் ஊரில் அவள் வீடு. ஜேசுராஜ் பம்புசெட் மெக்கானிக். இருபது வருஷம் அவர் வயல் வயலாகப் போய் எரிந்த மோட்டார்களைக் கழற்றிக்கொண்டு வந்தார். அவற்றுக்குக் காயில் கட்டியதெல்லாம் வீட்டிலிருந்த மேரிதான். செம்புக் கம்பியை எத்தனை சுற்று, எவ்வளவு இழுத்துச் சுற்றவேண்டும் என்பது அவள் விரல்களுக்குத் தெரியும். ஆனால் வயலுக்கு அவள் போனதில்லை. மாரடைப்பில் அவர் போன மூன்றாவது வாரம் ஒரு விவசாயி எரிந்த மோட்டாரை வாசலில் இறக்கிவிட்டு, "கட்டி மட்டும் குடுங்கம்மா, இறக்குறதுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார். கட்டிக்கொடுத்தாள். அந்த வேறு ஆள் கேபிள் இணைப்பைச் சரியாகச் சுற்றாமல் போர்வெல்லுக்குள் இறக்கியதில் பதினைந்தாம் நாள் மோட்டார் மறுபடியும் எரிந்தது. பழி மேரியின் காயில் மேல் விழுந்தது. தான் கட்டுகிற மோட்டாரைத் தானே இறக்குவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தாள்.

துணைக்குச் செம்மொழியைச் சேர்த்துக்கொண்டாள். செம்மொழி நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய். கையில் நல்ல பலம், வாயில் அதைவிடப் பலம். இருவரும் முக்காலி நட்டு, பாரம் தூக்கும் செயின் பிளாக் மாட்டி, குழாயை ஒவ்வொன்றாக மேலே இழுக்கும்போது முதல் வருஷம் சுற்றிலும் ஆம்பளைகள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "டிக்கெட் எடுத்தாச்சா எல்லாரும்?" என்று செம்மொழி கேட்பாள். இரண்டாம் வருஷம் கூட்டம் கலைந்தது. மூன்றாம் வருஷம் பாபநாசத்திலிருந்து திருப்பனந்தாள் வரை, மோட்டார் நின்றால் மேரிக்குப் போன் போடுகிற விவசாயிகள் அறுபது பேருக்குமேல் இருந்தார்கள். திருச்சியில் நர்சிங் படிக்கும் மகள் ரோஸ்லினின் படிப்பு அந்த அறுபது பேரை நம்பித்தான் நடந்தது.

இந்த வேலைக்கு வண்டிதான் கால். ஜேசுராஜ் ஒரு நல்ல வருஷத்தில் ஆசைப்பட்டு வாங்கிய பழைய கார் அது. சின்ன எஸ்யூவி, டீசல், 2013 மாடல். அவர் அதற்குச் செய்யாத அலங்காரம் இல்லை. முன்னால் ஆள் உயரத்துக்குப் பாதி வரும் இரும்பு பம்பர் கம்பி, மேலே நான்கு மஞ்சள் விளக்கு, கம்பெனி கொடுத்ததைவிட அகலமும் உயரமுமான டயர், பின்னால் மரப்பெட்டிக்குள் பெரிய ஸ்பீக்கர். மேரி பின் சீட்டை மட்டும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மோட்டாரை ஏற்றினாள். மற்றதில் கை வைக்கவில்லை.

சென்ற பங்குனிக்குப் பிறகு வண்டி இழுக்க மறுத்தது. சமதரையில் போகும். பாலத்தின் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முக்கும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் பின்னால் கன்னங்கரேல் என்று புகை வரும், உள்ளே எங்கோ 'உஸ்' என்று சத்தம் கேட்கும், வேகம் மட்டும் கூடாது. கும்பகோணத்தில் ஒரு மெக்கானிக் ஸ்டியரிங்கைத் தொடாமலே, "டர்போ போயிடுச்சு, மாத்தணும்" என்றார். தஞ்சாவூரில் இன்னொருவர், "இன்ஜினுக்கு வயசாயிடுச்சும்மா, கம்ப்யூட்டர்ல பவர் ஏத்தி விடலாம்" என்றார். இருவரும் சொன்ன தொகை ரோஸ்லினின் ஒரு வருஷக் கட்டணத்துக்கு மேல்.

கொழுந்தன் கிளாட்சன் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். நல்ல பிள்ளை. அண்ணன் போனதிலிருந்து அண்ணியின் கஷ்டத்தை எண்ணித் தூக்கம் கெட்டவன். ஒரு மாலை வந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான்:

"அண்ணி, திருப்பனந்தாள்ல நடராசன்னு ஒருத்தர். எனக்குத் தெரிஞ்சவர்தான். இந்த மாதிரி வண்டி தேடுறாரு. வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரட்டுமா?"

"வித்துட்டு?"

"தஞ்சாவூர்ல சிஸ்டர்ஸ் நடத்துற ஹாஸ்டல்ல மேற்பார்வைக்கு ஆள் கேக்குறாங்க. தங்க இடம், சாப்பாடு. மழை வெயில் கிடையாது. நீங்க இந்தக் கிரீஸுல கிடந்து..."

"அங்க மோட்டார் இருக்கா?"

"மாடித் தொட்டிக்கு ஒண்ணு இருக்கும்."

"ஒண்ணுதானே" என்றாள் மேரி.

அவன் சிரிக்கவில்லை. அவன் சொன்னதில் தப்பும் இல்லை. குறுவை நாற்று விடும் காலம் வந்துவிட்டது. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வரும்வரை எல்லா வயலும் போர்வெல்லை நம்பித்தான் இருக்கும். ஆண்டு வருமானத்தில் பாதி இந்த இரண்டு மாதத்தில்தான். இந்தச் சமயத்தில் வண்டி நின்றால் அறுபது பேரும் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். பிறகு ஒருவரும் திரும்ப மாட்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை வரட்டும். அதுக்குள்ள நானும் ஒரு தடவை பாத்துக்கறேன்" என்றாள்.

அன்றைக்குச் செவ்வாய்.

மறுநாள் காலை பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா நின்றாள். காரைப் பற்றி அவளுக்குத் தெரியாது. ஆனால் தண்ணீர் வராத பம்பைப் பற்றித் தெரியும். தண்ணீர் வராத பம்பில் மோட்டாரைக் கடைசியில்தான் சந்தேகப்படவேண்டும். உள்ளே போகிற வழி அடைத்திருக்கிறதா, நடுவில் எங்காவது ஒழுகுகிறதா, வீணாக என்ன பாரம் சுமக்கிறது, இதையெல்லாம் முதலில் பார்க்கவேண்டும்.

காற்று வடிகட்டிப் பெட்டியின் மூடியைத் திறந்த செம்மொழி, "அக்கா!" என்று கத்தினாள். "வந்து பாருங்க. அண்ணன் வண்டியில குறுவை போட்டாச்சு."

எலி கொண்டுவந்து சேர்த்த நெல் பெட்டியின் ஒரு மூலையில் கைப்பிடி அளவு கிடந்தது. வண்டி கழுவிய தண்ணீர் இறங்கி அது முளைத்து, வெளுத்த நாற்றாக ஒரு விரல் உயரம் நின்றது. வடிகட்டி சாக்குப்பை மாதிரி ஆகியிருந்தது.

"களை எடுக்கணுமா, உரம் வைக்கணுமா?" என்றாள் செம்மொழி.

"முதல்ல எலியப் பிடி."

அடுத்து, முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால் காற்றைக் குளிர்விக்கிற தகடு இருந்தது. அதன் நுண்ணிய இடுக்குகள் முழுவதும் காய்ந்த சருகுத் தூள். அது எங்கிருந்து வந்தது என்று மேரிக்கு உடனே தெரிந்தது. பங்குனியில் உளுந்து அறுப்பு முடிந்ததும் ஊரார் செடியைச் சாலையில் பரப்பி வைப்பார்கள். போகிற வண்டிகளின் சக்கரத்தில் அரைபட்டு உளுந்து உதிர்ந்துகொள்ளும். பஸ்ஸும் லாரியும் நிற்காது. மேரியின் வண்டியை மட்டும் எல்லோரும் கை காட்டி நிறுத்துவார்கள். "மேரி, இன்னும் நாலு தடவை போயிட்டு வந்துரு." "அத்தை, எங்க செடி மேல ஒரு சுத்து." அவளும் மறுக்காமல் முன்னும் பின்னுமாக ஓட்டுவாள். மூன்று பங்குனியின் உளுந்துத் தூசு அத்தனையும் அங்கே இருந்தது.

"ஊருக்கே உளுந்து அடிச்சுக் குடுத்தோம். ஒரு தோசைகூட வரல" என்றாள் செம்மொழி. பழைய பல்தேய்க்கும் பிரஷும் தண்ணீருமாக அதைச் சுத்தம் செய்ய ஒரு பகல் பிடித்தது.

பாரத்தைக் குறைப்பதுதான் கடினமாக இருந்தது. ஸ்பீக்கர் பெட்டி இறங்கியது. மஞ்சள் விளக்குகள் இறங்கின. பம்பர் கம்பியின் போல்ட்டுகளில் ஸ்பேனரை மாட்டிவிட்டு மேரி கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள். அதை மாட்டிய அன்று ஜேசுராஜ் தெருவில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

செம்மொழி தணிந்த குரலில் கேட்டாள்: "அண்ணன் கோவிச்சுக்குவாரா அக்கா?"

"கோவிச்சுக்குவாரு. ரெண்டு நாள் பேசமாட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் வண்டி இழுக்குறதப் பாத்துட்டு, இதெல்லாம் நான்தான் கழட்டச் சொன்னேன்னு ஊரெல்லாம் சொல்லுவாரு."

ஸ்பேனரை அழுத்தினாள். கம்பி இருவர் தூக்கியும் கனத்தது. "இவ்வளவையும் மூக்குல கட்டிக்கிட்டா ஓடிச்சு இது?" என்றாள் செம்மொழி.

டயர் விஷயத்துக்கு ராஜகிரியில் ஒரு வழி கிடைத்தது. அங்கே ஜாஃபர் சாதிக் என்று ஓர் இளைஞன், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவன், இதே மாதிரி வண்டி வைத்திருந்தான். மேரி அவன் வீட்டுப் போர்வெல்லுக்குப் போனபோதெல்லாம் அவளுடைய டயரை ஆசையாகத் தடவிப் பார்ப்பான். உயரமான டயர், மோட்டாரில் பெல்ட் ஓடுகிற பெரிய புல்லிச் சக்கரம் மாதிரி. வேகமாக ஓடும், கிளப்பும்போது பலம் கேட்கும். மோட்டாரில் பெரிய புல்லி போட்டு அதைத் திணறவைத்த ஆட்களை மேரி நிறையப் பார்த்திருக்கிறாள்.

"தம்பி, வீலோட மாத்திக்கலாமா? என்னுது உனக்கு, உன்னுது எனக்கு."

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "அக்கா, எவ்வளவு தரணும்?"

"ஒண்ணும் வேணாம். உன்னுது கம்பெனி டயர், அதிகம் ஓடாதது. எனக்கு அது போதும்."

"என்னுது சின்னதா இருக்கும்க்கா, பாக்க நல்லா இருக்காது."

"என்னைப் பொண்ணு பாக்க யாரும் வரல" என்றாள் மேரி. அவன் உம்மா உள்ளேயிருந்து சிரித்த சத்தம் கேட்டது.

வியாழன் மாலைக்குள் வண்டி பாதி தேறிவிட்டது. 'உஸ்' சத்தம் மட்டும் போகவில்லை. நடுவில் எங்கோ ஒழுகுகிறது. அதற்கு மேரியிடம் அவள் தொழிலின் வழி இருந்தது. காற்று உள்ளே போகும் குழாயின் வாயைப் பிவிசி மூடி ஒன்றால் அடைத்தாள். அந்த மூடியில் துளை போட்டு, சைக்கிள் டியூபின் வால்வை ஒட்டி, கால் பம்பால் மெதுவாகக் காற்றடித்தாள். செம்மொழி சோப்பு நுரையை எல்லா இணைப்பிலும் பூசிக்கொண்டே போனாள். டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில், கண்ணுக்கே தெரியாத இடத்தில், நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது. விரலால் தடவினாள். இரண்டு அங்குலத்துக்கு ஒரு வெடிப்பு.

"டர்போ போகல. இதுதான் போயிருக்கு."

அங்கேதான் தப்பு செய்தாள். வயலில் பம்பு காற்று இழுத்தால் ஒரே வைத்தியம்தான், சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து உறிஞ்சு குழாயின்மேல் இறுக்கிச் சுற்றிவிடுவார்கள். பம்பு இழுக்க இழுக்க அந்த நாடா குழாயோடு ஒட்டிக்கொள்ளும். பத்து வருஷம் நிற்கும். மேரியின் கை யோசிக்காமல் அதையே செய்தது. நான்கு சுற்று, மேலே கம்பிக் கட்டு. வெள்ளிக்கிழமை பாபநாசம் சாலையில் ஓட்டிப் பார்த்தாள். வண்டி குதித்துக்கொண்டு போனது. செம்மொழி கதவைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாக்கா, எனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு" என்றாள்.

சனிக்கிழமை காலை குணசேகரனின் மோட்டாரை இறக்கவேண்டும். அவர் நிலம் திருப்பனந்தாளுக்கு அருகே கொள்ளிடத்தின் படுகையில், கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே. நடவு இயந்திரத்துக்காகப் பாய் நாற்றங்கால் விட்டிருந்தார். பிளாஸ்டிக் தாள்மேல் ஓர் அங்குல மண், அதில் நாற்று. மண் கொஞ்சம் என்பதால் ஒரு நாளுக்கு இரண்டு தடவை தண்ணீர் காட்டாவிட்டால் கருகிவிடும். வியாழக்கிழமை எரிந்த மோட்டாரை அவர் ஆள் வைத்து மேலே எடுத்து, அன்றே டிராக்டரில் மேரியிடம் அனுப்பியிருந்தார். அவள் இரண்டு நாளில் காயில் கட்டி முடித்திருந்தாள். அவர் குடத்தில் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

படுகைக்குப் போக, கரைமேல் ஏறி மறுபக்கம் இறங்கவேண்டும். ஏறுகிற பாதை மதகடியில் சட்டென்று திரும்புவதால் வேகம் எடுத்து வரமுடியாது. நின்ற இடத்திலிருந்தே இழுக்கவேண்டும். மோட்டார், பம்பு, முக்காலி, செயின் பிளாக், கேபிள் எல்லாமாக முந்நூறு கிலோ. மேரி முதல் கியரில் ஏற்றினாள். வண்டி ஏறியது. பாதி கடந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். கரும்புகை சரிவை மூடியது. வண்டி நின்று, பின்னோக்கி நகர ஆரம்பித்தது. செம்மொழி குதித்து இறங்கி ஒரு கல்லைச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தாள்.

மேலிருந்து குணசேகரன் இறங்கி வந்தார். அறுபது வயது, வெயிலில் கறுத்த உடம்பு. வண்டியைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார். அவரிடம் கோபம் இல்லை. அதுதான் மேரிக்கு அதிகம் வலித்தது.

"உங்கமேல குறை சொல்லல மேரியம்மா. டிராக்டர் இருந்தா கட்டி இழுத்துறலாம். அது நாளை சாயங்காலம்தான் வரும். கும்பகோணத்துல மோட்டார் இறக்குற ஒரு ஆளு பிக்கப்பு வச்சிருக்காரு. அவருக்குச் சொல்லிறட்டுமா?"

"நாத்து எப்ப வரைக்கும் தாங்கும்?"

"நாளைக்குக் காலைல குடத்துல ஊத்திக்கறேன். மத்தியானம் தாண்டாது."

"காலைல எட்டு மணிக்குள்ள வர்றேங்க. எட்டுக்கு என்னைக் காணலைன்னா அவருக்குப் போன் போடுங்க."

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

வண்டியை மெல்லப் பின்னோக்கி இறக்கி, குழாயைக் கழற்றி, மதகுச் சுவரில் உட்கார்ந்து மேரி அதன் மேலிருந்த கம்பிக் கட்டை அவிழ்த்தாள். சைக்கிள் டியூப் கிழிந்து வெளிப்பக்கமாகத் துருத்திக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தன்மேல் எரிச்சல் வந்தது.

"செம்மொழி, இந்த டியூப் எந்தப் பக்கமா துருத்திக்கிட்டு நிக்குது?"

"வெளிப்பக்கமா."

"உறிஞ்சு குழாயில சுத்தியிருந்தா?"

"உள்ள போயிரும்."

"வெளிய வந்திருக்குல்ல? அப்ப இது தள்ளுற பக்கம். டர்போ இந்தக் குழாயில காத்த உறிஞ்சல, தள்ளுது. தள்ளுற குழாய்க்குப் போயி யாராவது டியூப் சுத்துவாங்களா? இருபத்து மூணு வருஷமா பம்போட குடும்பம் நடத்துறேன். எனக்கு இது தெரியலியே."

"அண்ணன் இருந்தா என்ன பண்ணியிருப்பாரு?"

"இதேதான் சுத்தியிருப்பாரு. அதுக்கு மேல ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருப்பாரு."

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

குழாயைத் திரும்ப மாட்டி, சமதரையில் வண்டியை உருட்டிக்கொண்டே கும்பகோணம் சேர்ந்தார்கள். அங்கே லாரி உதிரி பாகக் கடை வைத்திருந்தவர் முபாரக். மேரி பழைய குழாயையும், அதன் உள்வாய்க்குச் சரியாகப் பொருந்துகிற ஒரு துண்டு பிவிசி பைப்பையும் மேசைமேல் வைத்தாள்.

"இந்த அளவுக்கு, லாரி டர்போவுக்குப் போடுற சிலிக்கான் ஹோஸ் வேணுங்க. துணி அடுக்கு வச்சது. சூடும் அழுத்தமும் தாங்கணும்."

"எந்த லாரிக்கும்மா?"

"காருக்கு."

"காருக்கா? கம்பெனி பீஸ் ஆர்டர் போட்டா பத்து நாள்ல வரும். அதான் கரெக்டா இருக்கும்."

"பத்து நாள்ல நாத்து நடவுக்கே போயிருக்கணுங்க. எனக்கு நாளைக்குக் காலைல எட்டு மணி."

முபாரக் அந்தப் பைப்புத் துண்டைப் பார்த்துச் சிரித்தார். "அளவு எடுத்துட்டு வந்த முறையப் பாத்தாலே தெரியுது, நீங்க கேக்கறது என்னன்னு உங்களுக்குத் தெரியும்." நீல நிறத்தில் வளைவுள்ள ஒரு குழாயை எடுத்து, அவள் காட்டிய இடத்தில் அறுத்துக்கொடுத்தார். போல்ட் வைத்த கிளாம்ப் அவளிடமே இருந்தது, பம்புக் குழாய்க்கு வாங்கியது. கடை வாசலிலேயே மாட்டினாள். பிவிசி மூடியை அடைத்து மறுபடி காற்றடித்தாள். செம்மொழி நுரை பூசினாள். ஒரு குமிழ்கூட எழவில்லை. கடைக்கு வந்த ஒரு லாரி டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு, அந்த மூடியை எங்கே விற்கிறார்கள் என்று கேட்டார்.

"நானே செஞ்சது" என்றாள் மேரி.

ஞாயிறு காலை அவள் பூசைக்குப் போகவில்லை. கிளாட்சனுக்கு மட்டும் போன் செய்து, கொள்ளிடத்தில் வேலை இருப்பதாகச் சொன்னாள். அவன் இடம் எதுவென்று கேட்டுக்கொண்டான். பிறகு, "நடராசன் ஊர் அங்கதான். நாங்க அங்கயே வந்துர்றோம் அண்ணி" என்றான். அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்ததை அவள் கவனித்தாள். நேற்று வண்டி கரையில் நின்றது அவன் காதுக்கும் போயிருக்கிறது.

ஏழரை மணிக்கு அவள் மதகுக்கு வந்தபோது கரையின் உச்சியில் மூன்று பேர் நின்றார்கள். குணசேகரன் கையில் போன். கிளாட்சன். அவன் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர், நடராசனாக இருக்கவேண்டும்.

"அக்கா, மறுபடியும் டிக்கெட் எடுத்துட்டு வந்துருக்காங்க" என்றாள் செம்மொழி. ஆனால் இந்தத் தடவை அவளும் சீட்டின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள். "நான் இறங்கிக்கட்டுமா? எடை குறையும்."

"உன்னையும் சேத்துத்தான் ஏத்தணும். உக்காரு."

திருப்பத்தில் வண்டியை முழுவதும் நிறுத்தினாள். முதல் கியர். கிளட்சை மெதுவாக விட்டாள். சக்கரம் சரளையைக் கடித்தது. நேற்று நின்ற இடம் வந்தது. அங்கே கல் இன்னும் கிடந்தது. மேரி ஆக்சிலேட்டரை அழுத்தினாள். பின்கண்ணாடியில் பார்த்தாள், புகை இல்லை. 'உஸ்' இல்லை. இன்ஜினின் குரல் தடித்தது, வண்டி அவள் முதுகைச் சீட்டோடு சேர்த்துத் தள்ளியது. உச்சியில் நின்றவர்கள் விலக வேண்டியதாயிற்று. வண்டி அவர்களுக்கு நடுவே கரைமேல் ஏறியது.

கிளாட்சன் கை தூக்கினான். மேரி நிறுத்தவில்லை. மணி எட்டாக இருபது நிமிஷம் இருந்தது, நாற்று காய்ந்துகொண்டிருந்தது. நேராக மறுபக்கம் இறங்கினாள்.

முக்காலி நட்டார்கள். கேபிள் இணைப்பை மேரி தானே சுற்றினாள், யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு குழாயாகப் பூட்டி இறக்கினார்கள். நான்காவது குழாயில் கிளாட்சன் வந்து நின்றான். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டான்.

"எதப் பிடிக்கணும் அண்ணி?"

"சங்கிலிய. நான் சொல்ற வரைக்கும் விடக்கூடாது."

"விட்டா?"

"விட்டா மோட்டார் கீழ போகும். அப்புறம் உன்னத்தான் உள்ள இறக்கணும்" என்றாள் செம்மொழி.

பத்தே காலுக்கு மேரி சுவிட்சைப் போட்டாள். முதலில் காற்று, பிறகு செம்மண் கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர் குழாயின் வாய் நிறைய வந்து விழுந்தது. குணசேகரன் மண்வெட்டியோடு வாய்க்காலை வெட்டிவிட ஓடினார். ஓரங்கள் சுருண்டிருந்த நாற்றங்கால் பாய்களுக்கு மேல் தண்ணீர் பரவியது. அவர் திரும்பி வந்து, "கும்பகோணத்துக்காரருக்குப் போன் போடல. எட்டு மணின்னு சொன்னீங்கல்ல, அதான் காத்திருந்தேன்" என்றார்.

நடராசன் இவ்வளவு நேரமும் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி நீலக் குழாயைத் தட்டிப் பார்த்தார். கழற்றிய பம்பரின் போல்ட் துளைகளைப் பார்த்தார். கிளாட்சன் தயங்கி அருகே வந்து, "அண்ணி, அவரு விலை கேக்குறாரு. நான் நினைச்சதைவிடக் கூடுதலாவே குடுப்பாரு போல. ஆனா..." என்று நிறுத்திக்கொண்டான்.

"ஆனா?"

"இல்ல. நீங்களே சொல்லுங்க."

மேரி கையைத் துடைத்துக்கொண்டு நடராசனிடம் போனாள். "மன்னிச்சுக்கங்க. தம்பி உங்களை வீணா அலைய வச்சுட்டான். வண்டி விக்கறதுக்கு இல்லைங்க."

"அது கரை ஏறும்போதே தெரிஞ்சுபோச்சும்மா" என்றார் அவர். "வெயில்ல ரெண்டரை மணி நேரம் நின்னது வண்டிக்காக இல்ல. எங்க தென்னந்தோப்புல ஒரு மோட்டாரு, ரெண்டு மாசமா ஓடுது, தண்ணி மட்டும் பாதிதான் வருது. மூணு பேரு பாத்துட்டாங்க. மோட்டாரையே மாத்தணுங்கறாங்க."

"எத்தனை அடி போரு?"

"நூத்தி எண்பது."

"சுவிட்சைப் போட்டா, தண்ணி மேல வர எவ்வளவு நேரம் ஆகுது?"

அவர் யோசித்தார். "முன்னெல்லாம் உடனே வரும். இப்ப அரை நிமிஷம் மேல ஆகுது."

"அப்ப மோட்டார் இல்லைங்க. உள்ள குழாயில எங்கயோ ஒழுகுது." முக்காலியின் கால்களைச் சேர்த்துக் கட்டினாள். "இப்பவே பாத்துறலாம், ஏறுங்க."

"முன் சீட்டு என்னுது" என்றாள் செம்மொழி. கடைசியில் பெரியவருக்கு அதை விட்டுக்கொடுத்துவிட்டு, கிளாட்சனோடு பின்னால் செயின் பிளாக்குக்கும் கேபிள் சுருளுக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டாள். கிளாட்சனின் பைக் கரைமேல் நின்றது, அதுவரைக்கும்தான் அவனுக்கு இந்தப் பயணம். முக்காலி உருளாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நாலு பேரோட ஏறுமா அண்ணி?" என்று கேட்டான்.

படுகையிலிருந்து கரைக்கு ஏறும் பாதை வந்த பாதையைவிடச் செங்குத்து. வண்டி ஒரே சீராக ஏறியது. உச்சியில் கிளாட்சனை இறக்கிவிட்டு, மேரி நடராசன் பக்கம் திரும்பினாள்.

"இடதா, வலதா? வழி சொல்லுங்க."